வெளி வளையத்தில் தட்டணும்

கௌனாக் சக்கரத்தைக் காதோடு ஒட்டிவைத்து, ஒரு விரலால் சுண்டிவிட்டுக் கண்ணை மூடிக்கொள்கிறாள். சோற்றுக் கிண்ணம் அளவுக்கு ஒரு சின்னச் சக்கரம். பனிவண்டியின் வயிற்றுக்கடியில் பெல்ட்டை ஏந்திக்கொண்டு ஓடும் வரிசையில் ஒன்று. அது சுற்றி நிற்கும்வரை வாசலறையில் யாரும் வாய் திறப்பதில்லை. அவள் புருவம் மேலே ஏறினால் ஆமாம், பேரிங் பிழைத்தது. மூக்கு சுருங்கினால் இல்லை, கதை முடிந்தது. ஆமாமையும் இல்லையையும் இந்த வடகோடிக் கடற்கரையில் எல்லோரும் புருவத்தாலும் மூக்காலும்தான் சொல்கிறார்கள். ஆனால் கௌனாக்கின் மூக்கு சுருங்கினால்தான் ஆண்பிள்ளைகள் தலையில் கை வைத்துக்கொண்டு உட்காருகிறார்கள்.

"இது அழுவுது," என்பாள். "எத்தனை நாளா?"

"நேத்துலேந்துதான்," என்பான் பக்கத்து வீட்டு அபியா.

"பொய் சொல்லாதே. போன பௌர்ணமிக்கே அழ ஆரம்பிச்சிருக்கும். நீ குல்லாவை இழுத்துக் காதை மூடிக்கிட்டு ஓட்டியிருக்கே. பாவம், கத்திக் கத்தி தொண்டை கட்டிப்போச்சு இதுக்கு."

குள்ளம், அகலம், ஐம்பது தாண்டிய வயசு. மூக்குக் கண்ணாடியின் ஒரு காது உடைந்து, அந்தப் பக்கம் பல்லிடுக்கு சுத்தம் பண்ணும் நூலால் கட்டியிருக்கிறது. அங்கியின் வலது பையில் உறைந்த மீன் துண்டு, இடது பையில் லாக் கழற்றும் குறடு. வேலை மும்முரத்தில் குறட்டை வாயில் வைத்துக் கடித்துவிட்டு, "இந்த வருஷம் மீனே சரியில்லை" என்று சொன்னவள் அவள். வெளிக்கதவுக்கும் உள்கதவுக்கும் நடுவே, குளிரும் இல்லாத சூடும் இல்லாத வாசலறைதான் பட்டறை. நாற்காலி, ஸ்டூல் எதுவும் ஆகாது. தரையில் காலை நேரே நீட்டி உட்கார்ந்து, இரண்டு பாதங்களுக்கும் நடுவே சக்கரத்தை இடுக்கிக்கொள்வாள். எதிரே கவிழ்த்துப் போட்ட ஒரு பிளாஸ்டிக் வாளி. அதுதான் மேஜை.

வசந்தம் வந்துவிட்டால் அவளுக்கு மூச்சுவிட நேரமிருக்காது. கடல்மேல் உறைந்த பனி இளக ஆரம்பித்ததும் உப்புத் தண்ணீர் மேலே கசிகிறது. வண்டிகள் அதில் சளக் சளக்கென்று ஓடுகின்றன. உப்பு போகாத இடமில்லை. பேரிங்கின் ரப்பர் மூடிக்குள் புகுந்து குண்டுகளைத் தின்றுவிடும். கவனிக்காமல் விட்டால் பேரிங் இறுகும், சக்கரம் உடையும், உடைந்தது பெல்ட்டைக் கிழிக்கும். ஊரிலிருந்து நடந்தால் அரைநாள் ஆகும் தொலைவில், பனியும் கடலும் சந்திக்கும் விளிம்பில் பெல்ட் கிழிந்தவன் கதி என்ன என்று இங்கே யாரும் யாருக்கும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

பழைய பேரிங்கைத் தட்டி வெளியே எடுப்பது ஒன்றும் பெரிய காரியமில்லை. அதை நழுவாமல் பிடித்திருக்கும் லாக் வளையத்தைக் கழற்றிவிட்டுப் பின்பக்கமிருந்து தட்ட வேண்டும், அதற்குக் கொஞ்சம் கோபம் இருந்தால் போதும். புதியதை உள்ளே ஏற்றுவதில்தான் பாடு. அது இறுக்கமாக உட்கார வேண்டிய சாமான், சும்மா தள்ளினால் போகாது. கௌனாக் புதுப் பேரிங்கை வெளிப்படியில் பனிக்குள் புதைத்து, மேலே ஒரு டின்னைக் கவிழ்த்துவைப்பாள். டின் இல்லாவிட்டால் அண்டங்காக்கை தூக்கிக்கொண்டு போய்விடும். குளிரில் பேரிங் சுருங்கும். சக்கரத்தை ஊலுவால் சுரண்டிக் கழுவிக் கறிச்சட்டியில் போடுவாள். ஊலு தோல் சீவவும் கறி நறுக்கவும் பெண்கள் வைத்திருக்கும் அரைவட்டக் கத்தி. அதால் துரு சுரண்டுகிறாளே என்று அக்கம்பக்கத்துப் பெண்களுக்கு இன்றுவரை ஆற்றாமை. கறிச்சட்டியில் மதியம் வெந்த காரிபூ மான்கறியைத் தின்று தீர்த்தபின் மிஞ்சிய சாறு கொதித்துக்கொண்டிருக்கும். தண்ணீர் வண்டி வரும் நாள்வரை தண்ணீரை வீணாக்க முடியுமா? சாற்றின் சூட்டில் சக்கரம் விரியும். கழற்றிய லாக் வளையத்தையும் உப்பும் துருவும் இளகட்டும் என்று கூடவே போட்டுவிடுவாள். பிறகு சாறு நாய்களுக்கு.

இதனால் விளைந்த ஒரே கேடு, அவள் கைபட்ட வண்டிகளில் மான்கறி மணக்கும். ஊர் நாய்கள் அந்த வண்டிகளை மட்டும் விரட்டும். நாய் துரத்துகிறதென்றால் சக்கரம் சரியாக இருக்கிறது என்று அர்த்தம்.

விரிந்த சக்கரத்தில் சுருங்கிய பேரிங்கை வைத்து, அளவான பாக்ஸ் ஸ்பானர் ஒன்றை அதன்மேல் கவிழ்த்து, மரச் சுத்தியால் மெதுவாகத் தட்டுவாள். ஸ்பானரின் விளிம்பு பேரிங்கின் வெளி வளையத்தில் மட்டும் உட்கார வேண்டும். உள் வளையத்தில் அடி விழுந்தால் குண்டுகள் நசுங்கிப் புதுப் பேரிங் பிறக்கும்போதே செத்துவிடும்.

"வெளி வளையத்துல தட்டணும், சேதி தானா உள்ளே போகும்," என்பாள். "உள் வளையம் மாப்பிள்ளை மாதிரி. நேரா கை வைக்கக் கூடாது."

இதைக் கேட்டு அபியா விழுந்து விழுந்து சிரிப்பான். சொன்ன நேரத்தில் அவளுடைய மாப்பிள்ளை ஜெய்பிட்டி இரண்டடி தள்ளித்தான் நின்றுகொண்டிருப்பான்.

மாமியாரும் மாப்பிள்ளையும் நேருக்கு நேர் பேசுவதில்லை, பேர் சொல்வதில்லை, முகம் பார்ப்பதில்லை, ஒருவர் கையிலிருந்து ஒருவர் எதையும் வாங்குவதில்லை. மரியாதை அது. பல வீடுகளில் இதைக் காற்றில் விட்டாயிற்று. கௌனாக் விடவில்லை, ஜெய்பிட்டியும் விடச்சொல்லிக் கேட்கவில்லை. ஒரே கூரை, ஒரே சட்டி, நடுவில் மகள் ஊலாயு. "உன் வீட்டுக்காரர்கிட்ட சொல்லு, கால்ல ஈரம்" என்று அம்மா சொல்வாள். ஊலாயு திரும்பி, "கால்ல ஈரமாம்" என்பாள். "காய வெக்கறேன்னு அத்தைகிட்ட சொல்லு" என்பான் அவன். கொடுப்பதும் வாங்குவதும் வாளி வழியாக. அவள் வாளிமேல் வைத்துவிட்டு முகத்தைத் திருப்புவாள், அவன் எடுத்துக்கொள்வான். இப்படியே ஒரு வாய்ச்சண்டை இல்லாமல் வருஷங்கள் ஓடிவிட்டன. பேசிக்கொள்கிற மாமியார் மாப்பிள்ளைகள் எத்தனை பேர் இப்படிச் சொல்லிக்கொள்ள முடியும்?

ஊலாயு இல்லாத நேரத்தில் கௌனாக் வண்டியோடு பேசுவாள். ஜெய்பிட்டி நெடிய ஆள், கூச்ச சுபாவம், வாயைத் திறந்தால் பூனை. வண்டியில் ஏறினால் மட்டும் வேறு ஆள். மேடுபள்ளம் பார்க்கமாட்டான். அந்தக் கரையில் அதிகச் சக்கரங்களைச் சாகடித்தவன் அவன்தான். கௌனாக் அவனுடைய மஞ்சள் வண்டியின் முன்னால் குந்தி உட்கார்ந்து ஆரம்பிப்பாள்.

"உன்னை ஓட்டுறவருக்குக் கண்ணு இருக்கா? பனிக்கட்டி வரப்பு எங்கே இருக்குன்னு தெரியுமா தெரியாதா? நீயாவது சொல்லக் கூடாதா? உன் சக்கரத்தை மாத்தி மாத்தி என் விரலே தேய்ஞ்சுபோச்சு."

அவன் அடுப்பைப் பார்த்துச் சொல்வான்: "கெட்டில், அத்தைகிட்ட சொல்லு. இனிமே மெதுவா போறேன்."

"இந்தக் கெட்டில் போன வருஷமும் இதையேதான் சொல்லிச்சு," என்பாள் வண்டியிடம். அப்படிச் சொல்லும்போது முகம் மலர்ந்துதான் இருக்கும். மூக்கு சுருங்காது.

இந்த வசந்தத்தில் ஊலாயுவுக்கு மாசம் நெருங்கியது. பிரசவத்துக்கு விமானத்தில் ஏற்றிப் பெரிய ஊருக்கு அனுப்பிவிட்டார்கள். வீட்டில் மிஞ்சியது மாமியார், மாப்பிள்ளை, கெட்டில், பிறகு பமியோக் என்கிற நாய். ஊலாயு தினமும் போன் செய்வாள். கௌனாக் ஸ்பீக்கரில் போடுவாள்.

"உன் வீட்டுக்காரர்கிட்ட சொல்லு, மாவு தீர்ந்துபோச்சு."

"ஏங்க, மாவு தீர்ந்துபோச்சாம்."

"சாயங்காலம் வாங்கிட்டு வரேன்னு சொல்லு."

"அம்மா, சாயங்காலம் வாங்கிட்டு வராராம்."

ஒரு முழத் தூரத்துக்கு ஒரு மாவுச் சேதி அத்தனை மலையும் கடலும் தாண்டிப் போய்த் திரும்பி வந்தது. ஒருநாள் ஊலாயு அழுதேவிட்டாள். வீட்டு நினைப்பு, கூடவே ஆஸ்பத்திரிச் சாப்பாட்டில் நாக்கு செத்துப்போயிருந்தது. சீல் என்கிற கடல்நாயின் புதுக் கறி, அதுவும் ஈரல், கிடைத்தால் போதும் என்றாள். அடுத்த விமானத்தில் அனுப்பிவிட வேண்டும் என்று ஜெய்பிட்டி அப்போதே முடிவு செய்துவிட்டான். பனி விளிம்புக்குப் போக வண்டி தயாராக வேண்டும். சக்கரங்களைக் கழற்றி வாளிமேல் அடுக்கினான்.

கௌனாக் முழு மூச்சாக உட்கார்ந்து மாற்றினாள். கடைசிச் சக்கரம் சட்டியிலிருந்து வெளியே வந்து, பேரிங் இறங்கிக்கொண்டிருந்த நேரத்தில் போன் அடித்தது.

"அம்மா, வலி ஆரம்பிச்சிருச்சு."

அதற்குப் பிறகு வீட்டில் யாருக்கும் நிதானமில்லை. கௌனாக் சிரித்தாள், கண்ணைத் துடைத்தாள், சக்கரத்தை வாளிமேல் வைத்தாள். ஜெய்பிட்டி அதை எடுத்துப்போய் மாட்டினான். வீட்டில் உட்கார்ந்திருந்தால் அவனுக்குப் பைத்தியம் பிடித்துவிடும் போலிருந்தது. "கெட்டில், நான் போயிட்டு சாயங்காலம் வந்துடறேன்னு சொல்லு," என்றான். அவள் வண்டியிடம், "பத்திரமா கூட்டிட்டுப் போய்க் கூட்டிட்டு வா" என்றாள். பமியோக் பின்னால் ஏறிக்கொண்டது. தெரு நாய்கள் கடற்கரைவரை துரத்திவிட்டுத் திரும்பின.

மதியத்துக்குமேல் கௌனாக் சட்டியைக் கவிழ்த்து, ஆறிய சாற்றை அபியா வீட்டு நாய்களுக்கு ஊற்றினாள். தட்டில் கிணுங் என்று ஏதோ விழுந்தது. எலும்பு இப்படிச் சத்தம் போடாது. நாயைத் தள்ளிவிட்டுக் கையை விட்டாள். கொழுப்புக்குள் வழுக்கிக்கொண்டு கிடந்தது லாக் வளையம்.

அங்கியில் துடைத்தெடுத்துப் பார்த்தாள். கடைசிச் சக்கரம். பின்னால், வலது பக்கம். பேரிங்கை உள்ளே ஏற்றியவள் அது வெளியே வராமல் தடுக்கிற வளையத்தைப் போடவே இல்லை. கொஞ்ச தூரம் இறுக்கத்தில் தாங்கும். அவன் ஓட்டுகிற ஓட்டத்துக்கு, வரப்பில் நாலு முறை தூக்கிப் போட்டால் பேரிங் நழுவிவிடும்.

அந்த நேரம் பார்த்து அபியா கடலிலிருந்து வந்து வண்டியை நிறுத்தினான். விளிம்பிலிருந்துதான் வருகிறான்.

"காத்து திரும்பிடுச்சு கௌனாக். கரையிலேந்து கடலைப் பார்த்து அடிக்குது. எல்லாரும் கிளம்பிட்டோம். உன் வீட்டு ஆளு மட்டும் இன்னும் தள்ளி வடக்கே போயிருக்கான், நான் பாக்கல."

கரைக்காற்று அடித்தால் விளிம்புப் பனி பிளந்து, மேலே நிற்பவர்களோடு கடலுக்குள் போய்விடும். வண்டி ஓடினால் தப்பலாம். வண்டி நின்றால்?

கௌனாக் வீட்டுக்குள் ஓடி ரேடியோவின் மைக்கை எடுத்தாள். எல்லா வீட்டுச் சமையலறையிலும், எல்லா வண்டியிலும் ஒரே அலைவரிசை. ஊர் முழுக்கக் கேட்கும். பொத்தானை அழுத்தியவள் ஒரு கணம் நின்றாள். யாரைக் கூப்பிடுவது?

"பமியோக், பமியோக்," என்றாள். "கேக்குதா? கெட்டில் பேசறேன்."

எங்கோ ஒரு வீட்டில் யாரோ பொத்தானை அழுத்திச் சிரித்தது கேட்டது.

"பமியோக், உன் வண்டியில பின்னாடி வலது சக்கரத்துக்கு லாக் இல்ல. அப்படியே ஓட்ட வேணாம்னு சொல்லு. அதைக் கழட்டிப் போட்டுட்டு மத்த சக்கரத்துல மெதுவா வரச்சொல்லு. காத்து திரும்பிடுச்சு."

பதில் இல்லை. மறுபடி கூப்பிட்டாள். பதில் இல்லை. சிரிப்பும் நின்றுபோயிருந்தது. அபியா அவள் கையிலிருந்து மைக்கை வாங்கி, "ஜெய்பிட்டி, ஜெய்பிட்டி" என்று கூப்பிட்டான். வேறு வீடுகளிலிருந்தும் கூப்பிட்டார்கள். சர் என்ற இரைச்சல் மட்டும் வந்தது. ஊலாயுவுக்குப் போன் பண்ணலாமா என்று ஒரு நொடி நினைத்தாள். வலியில் கிடக்கிற பெண்ணிடம் எதைச் சொல்வது?

அபியாவின் கையிலிருந்து மைக்கைப் பிடுங்கினாள்.

"மாப்பிள்ளை," என்றாள் கௌனாக்.

ஊர் முழுக்கக் கேட்டது. அடுப்பில் எதையோ கிளறிக்கொண்டிருந்த பெண்கள் கரண்டியோடு நின்றார்கள்.

"மாப்பிள்ளை, எங்கேப்பா இருக்கீங்க? நான்தான் லாக் போட மறந்துட்டேன். பின்னாடி, வலது பக்கம். அந்தச் சக்கரத்தைக் கழட்டிடுங்க. காத்து திரும்பிடுச்சு, வந்துடுங்க. உங்களுக்கு ஏதாவது ஆச்சுன்னா நான் அவகிட்ட என்ன சொல்லுவேன்? வந்துடுங்கப்பா."

பொத்தானை விட்டாள். இரைச்சல். கெட்டில் அடுப்பில் கொதித்துக் கொதித்துத் தண்ணீர் வற்றிக்கொண்டிருந்தது, யாரும் இறக்கவில்லை.

கடைசியில் கரகரவென்று ஒரு குரல் வந்தது. நிதானமாக, வழக்கமான கூச்சத்தோடு.

"கெட்டிலுக்குச் சொல்லுங்க. அது பேசறப்பதான் வண்டிக்கு வந்தோம். நாய் எல்லாத்தையும் கேட்டுச்சு. சக்கரத்தைக் கழட்டறேன். ரெண்டு பேரும் மெதுவா வர்றோம்."

கௌனாக் மைக்கை மாட்டிவிட்டுத் தரையில் உட்கார்ந்தாள். காலை நேரே நீட்டிக்கொண்டு அழுதாள். அபியா கெட்டிலை இறக்கிவைத்துவிட்டு, இரண்டு ஆட்களைக் கூட்டிக்கொண்டு எதிர்கொள்ளக் கிளம்பிப் போனான்.

அன்றிலிருந்து அவள் ரேடியோவில் வந்தால், "யாரு, கெட்டிலா?" என்று கேட்காத ஆள் இல்லை. கடையில் நாய் பிஸ்கட் வாங்கினால், "பமியோக்குக்குப் போன் வாங்கிக் குடு" என்கிறார்கள். ஊர் வாய்க்கு மூடி ஏது? ஆனால் அந்த இன்னொரு சொல்லை, அவள் வாய்விட்டு அழைத்த அழைப்பை, இதுவரை ஒருவரும் எடுத்ததில்லை. அபியாகூட எடுத்ததில்லை, அவன் வாய் எப்படிப்பட்டது என்று எல்லோருக்கும் தெரியும். அவர்கள் காதில் அது விழவே இல்லை. நாய்க்கும் கெட்டிலுக்கும் நடந்த பேச்சை மட்டும்தான் அவர்கள் கேட்டார்கள்.

அன்று வண்டிகள் வந்து சேர்ந்தபோது வெயில் தாழ்ந்து, மறையாமல் மலைமேல் நின்றிருந்தது. "அவன் நின்ன இடத்துல இப்ப தண்ணி," என்று அபியா வாசலிலேயே சொல்லிவிட்டு, தன் வீட்டுக்குப் போனான். ஜெய்பிட்டி உள்ளே வந்து கழற்றிய சக்கரத்தை வாளிமேல் வைத்தான். பேரிங் பாதி வெளியே வந்து, கோணலாகத் தொங்கிக்கொண்டிருந்தது. சீலின் ஈரலை அட்டைப் பெட்டியில் தனியாக எடுத்து வைத்திருந்தான்.

போன் அடித்தது. ஸ்பீக்கரில் முதலில் ஊலாயு இல்லை, ஒரு குழந்தை வீறிட்டது. பெண் குழந்தை. ஜெய்பிட்டி சுவரில் சாய்ந்துகொண்டான். கௌனாக் போன் பக்கம் குனிந்தாள்.

"யாரு, என் தங்கமா? உங்கப்பாகிட்ட சொல்லு, சாறு சூடா இருக்கு. இனிமே எல்லாத்தையும் நீதான் சொல்லணும். இந்தக் கெட்டிலுக்கு வயசாயிடுச்சு."

குழந்தை இன்னும் பலமாகக் கத்தியது. ஊலாயு அந்தப் பக்கத்திலிருந்து, "ஏங்க, சாறு சூடா இருக்காம்" என்று களைத்த குரலில் சிரித்தாள்.

பேசி முடித்து அவள் போனை வைத்தபின் கௌனாக் புதிதாக வைத்த மான்கறிச் சட்டியிலிருந்து கிண்ணம் நிறையச் சாறு ஊற்றினாள். நாக்குத் துண்டு எங்கே என்று கரண்டியால் தேடி அதையும் போட்டாள். வாசலறைக்கு வந்தாள். வாளிமேலிருந்த சக்கரத்தை எடுத்துத் தரையில் வைத்தாள். பிறகு, வாழ்நாளெல்லாம் தரையில் உட்கார்ந்து வேலை செய்தவள், வாளியைக் காலால் இழுத்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்துகொண்டாள்.

இப்போது கிண்ணத்தை வைக்க இடமில்லை. ஜெய்பிட்டி வாளியைப் பார்த்தான். நாய் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தது.

கௌனாக் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டு, கிண்ணத்தைப் பிடித்த கையை மட்டும் பக்கவாட்டில் நீட்டினாள். அவன் இரண்டு கையாலும் சரியாகப் பிடித்துக்கொள்ளும்வரை அவள் விடவில்லை.